தொட்டால் ஒலிக்கும் பூத்தையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையால் சாயமேற்றிய பருத்தித் துணி, அதில் மின்சாரம் கடத்தும் நூலால் ஒரு பூ, பூவைத் தொட்டால் ஓர் ஒலி. இந்த வேலையைச் செய்யத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. கீழே உள்ள அளவுகள் 60 செ.மீ. அகலமும் 90 செ.மீ. உயரமும் கொண்ட, ஐந்து தொடுபூக்கள் உள்ள ஒரு சுவர்த்தொங்கலுக்கானவை.

துணியைத் தொட்டது கருவிக்கு எப்படித் தெரிகிறது?

செல்போன் திரைக்குத் தெரிகிற அதே வழியில்தான். கடத்தும் நூலால் தைத்த பூ ஒரு தகடு, விரல் இன்னொரு தகடு. விரல் நெருங்கும்போது பூவில் தேங்கும் மின்னேற்றம் கூடுகிறது. நூல் போய்ச் சேரும் சிறு மின்னணுப் பலகையிலுள்ள சிப் அதை விநாடிக்குப் பலமுறை ஏற்றி இறக்கி அளந்துகொண்டே இருக்கிறது. அழுத்த வேண்டியதில்லை. பூவின் மேல் மெல்லிய துணி போர்த்தியிருந்தாலும் தொடுகை பதிவாகும்.

ஆனால் சிப் பூவை மட்டும் அளப்பதில்லை. பூவிலிருந்து பலகைக்குப் போகும் நூல், அடியில் உள்ள துணி, துணியில் உள்ள ஈரம், ஈரத்தில் கரைந்த உப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணாக வருகின்றன. "நிரல் சரியாக இருக்கிறது, பூ மட்டும் தானாக ஒலிக்கிறது" என்ற புகாருக்குக் காரணம் பல நேரம் சாயத்தொட்டியில்தான் இருக்கும்.

முதலில் சாயமா, தையலா?

சாயம். இதில் விதிவிலக்கு வேண்டாம். வெள்ளி பூசிய நைலான் நூல், ஹைட்ரோஸ் (அவுரியைக் கரைக்கப் போடும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) போட்ட அவுரித் தொட்டிக்குள் போனால் கந்தகச் சேர்மங்களால் கறுத்துவிடும். செம்பு ஜரிகையைப் படிகாரக் கரைசலின் புளிப்பு அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு நூல் ஒன்றுதான் எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் அதுவும் கொதிநீரில் சுருங்கும் துணியோடு சேர்ந்து சுருங்காமல், வளையம் வளையமாக மேலே எழுந்து நிற்கும்.

துணியை எப்படித் தயார் செய்வது?

காடாத் துணி போதும், சதுர மீட்டருக்கு 150 கிராம் அளவில். சொன்ன அளவுத் தொங்கலின் முகத்துணி ஏறக்குறைய 80 கிராம் வரும். ஓரமடிப்பையும் சோதனைத் துண்டுகளையும் சேர்த்து 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எடைகள் எல்லாம் 100 கிராம் உலர்ந்த துணிக்கு.

3 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். தறியில் போட்ட கஞ்சியும் பஞ்சின் மெழுகும் வெளியேறுவதன் அடையாளம் அது. அலசிக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். விழுந்த உடனே உறிஞ்சினால் துணி தயார். முத்துப்போல ஒரு நொடி நின்றாலும் இன்னொரு முறை கொதிக்க வேண்டும். இந்தப் படியை அவசரப்படுத்தினால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிறகு அதைத் திருத்த வழி கிடையாது.

சாயத்துக்கு என்னென்ன, எவ்வளவு?

கடுக்காய், மஞ்சிட்டி, படிகாரம் மூன்றும் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

கொட்டையை நீக்கி அரைத்த கடுக்காய்த்தூள் 20 கிராமை வெந்நீரில் கரைத்து, துணியை அதில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். பிழிந்து, அலசாமல், வெயிலில் காயப்போடுங்கள். வெளிர் மஞ்சள் ஏறியிருக்கும். பருத்திக்கு இந்தத் துவர்ப்பு இல்லாமல் படிகாரம் சரியாகப் பிடிக்காது. அடுத்து 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து மறுபடி காயவிடுங்கள். ஒரு நாள் போகட்டும். பிறகு லேசாக அலசிச் சாயத்தில் இறக்கலாம்.

சிவப்புக்கு மஞ்சிட்டி 50 முதல் 100 கிராம். முந்தின இரவே ஊறவைத்து, மெதுவாகச் சூடேற்றி, தளதளவென்று கொதிக்க விடாமல் ஒரு மணி நேரம். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருந்தால் சிவப்பு இன்னும் நன்றாக வரும். சாம்பல், கறுப்புக்குக் கடுக்காய் ஏற்றிய துணியை 2 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் முக்கினால் போதும். கறுப்பு போதவில்லை என்று அன்னபேதியைக் கூட்டாதீர்கள், அதிலுள்ள இரும்பு பருத்தி இழையைத் தின்னும். சில வருடங்களில் தையல் போட்ட துளைகளிலிருந்தே துணி கிழியத் தொடங்கும்.

நீலத்துக்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். அவுரித்தூள் 1 பங்கு, சுண்ணாம்பு 2 பங்கு, பழச்சர்க்கரை (ஃபிரக்டோஸ்) 3 பங்கு என்ற தொட்டி வீட்டுக்கு ஏற்றது. ஒரு நிமிடம் முக்கி, எடுத்துக் காற்றில் பச்சை நீலமாகும்வரை காத்திருந்து, மறுபடி முக்குவது. நல்ல நீலத்துக்கு நான்கைந்து முக்கு ஆகும்.

மஞ்சள்தூளை இந்த வேலைக்குத் தவிர்ப்பது நல்லது. வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அதோடு சோப்பு மிச்சமிருக்கும் கை பட்டால் அந்த இடம் குங்குமச் சிவப்பாகும். பலர் தொடப்போகிற துணிக்கு அது சரிவராது.

சமையல் பாத்திரத்தைச் சாயத்துக்கு எடுக்காதீர்கள். ஹைட்ரோஸ் தொட்டி வைப்பதானால் திறந்த வெளியில் வையுங்கள்.

ரியாக்டிவ் சாயம் (பருத்தி இழையோடு வேதிவினையால் பிணையும் செயற்கைச் சாயம்) போட்டால் என்ன?

போடலாம், நிறம் நன்றாக நிற்கும். குளிர்நீரில் பிடிக்கும் வகைக்கு 3 கிராம் சாயம், லிட்டருக்கு 50 கிராம் உப்பு, லிட்டருக்கு 20 கிராம் சலவைச் சோடா. 3 லிட்டர் தொட்டி என்றால் 150 கிராம் உப்பும் 60 கிராம் சோடாவும் துணிக்குள் போகின்றன. அலசலில் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். முதலில் குளிர்ந்த நீரில் நாலைந்து முறை, பிறகு கொதிக்கும் அளவு சூடான நீரில் சோப்போடு, மறுபடி இரண்டு முறை வெறும் நீரில்.

அலசியது போதுமா என்று எப்படித் தெரியும்?

தண்ணீர் தெளிவாக ஓடுவது சாயம் போய்விட்டதற்கு அடையாளம். உப்புக்கு நிறம் கிடையாது, கண்ணை நம்ப முடியாது.

துணியை நன்றாகக் காயவைத்து, மல்டிமீட்டரை (மின்தடை அளக்கும் கருவி) 20 மெகாஓமில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒரு செ.மீ. இடைவெளியில் அழுத்துங்கள். அளவுக்கு மீறிய தடை என்றே காட்ட வேண்டும். இப்போது அந்த இடத்தில் வாயால் நீளமாக ஒரு முறை ஆவி ஊதுங்கள். சாயமே ஏற்றாத, நன்றாக அலசிய காடாத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதிலும் அப்படியே செய்து பாருங்கள். சாயத்துணியில் மட்டும் எண் சட்டென்று இறங்கி, திரும்பி ஏற நேரமெடுத்தால் உப்போ சோடாவோ இன்னும் உள்ளே இருக்கிறது. உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பூவுக்கும் பூவுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பியைக் கட்டியதற்குச் சமம்.

சுண்ணாம்புத் தொட்டியில் முக்கிய நீலத்துணிக்குக் கடைசி அலசலில் ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விடுவது வழக்கம். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். வினிகரும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாவதும் ஓர் உப்புதான். வினிகருக்குப் பிறகு இன்னும் இரண்டு அலசல் வேண்டும்.

எந்த நூல் வாங்குவது? வீட்டில் இருக்கும் ஜரிகை போதாதா?

கடத்தும் நூல் பொதுவாக இரண்டு வகை: எஃகு இழைகளை முறுக்கியது, நைலானுக்கு வெள்ளி பூசியது. முறுக்கிய எஃகு நூலின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 30 முதல் 60 ஓம். வெள்ளி நூலில் தயாரிப்புக்குத் தயாரிப்பு பெரிய வித்தியாசம் உண்டு, அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தொடுகைக்கு மட்டும் என்றால் சில ஆயிரம் ஓம் இருந்தாலும் கவலையில்லை, ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. எல்ஈடி எரிய வேண்டுமென்றால் கதை வேறு. போக வர 2 மீட்டர் எஃகு நூலில் 66 ஓம் என்று வைத்தால், 20 மில்லிஆம்பியருக்கு 1.3 வோல்ட் நூலிலேயே போய்விடும். விளக்கு மங்கும். ஒலிபெருக்கிக்கும் மின்வழங்கலுக்கும் நூலே வேண்டாம், பல இழைச் செம்புக் கம்பி போடுங்கள்.

ஜரிகை விஷயம் சுவையானது. பழைய பட்டுச்சேலையின் அசல் ஜரிகையில் பட்டு இழையைச் சுற்றி வெள்ளித் தகடு, மேலே தங்கமுலாம். அது கடத்தும். ஆனால் மடிப்பு விழுந்த இடங்களில் தகடு அறுந்திருக்கும். செம்பு ஜரிகை மேல்பூச்சு காரணமாகக் கடத்தாதது போலக் காட்டும். முனையைப் பிளேடால் சுரண்டிவிட்டு அளந்தால், இணைப்பு இருப்பதைக் காட்டும் மீட்டரின் பீப் கேட்கும். பூச்சு இருப்பதில் நட்டமில்லை, பூவில் தொடுகை அதன் வழியாகவும் பதிவாகும், பலகையோடு இணைக்கும் முனையைச் சுரண்டினால் போதும். இப்போது மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் ஜரிகையை நம்பாதீர்கள். அதன் உலோகப் படலம் பாலியெஸ்டருக்குள் அடைபட்டிருக்கிறது, நம்பகமான இணைப்பு கிடைக்காது.

எந்தத் தையல் ஏற்றது?

ஆரி வேலை தெரிந்தவர்களுக்கு இது கைவந்த கலை. சங்கிலித் தையலில் ஒவ்வொரு கண்ணியும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு போவதால் ஓரிடத்தில் இழை தேய்ந்தாலும் பாதை அறுவதில்லை. பூவின் நடுவில் தொடங்கிச் சுருளாக, 3 மி.மீ. இடைவெளியில் வெளியே வாருங்கள். முழுக்க நிரப்ப வேண்டியதில்லை, இடைவெளியில் சாதாரணப் பட்டு நூலை நிரப்பிக்கொள்ளலாம். எஃகு நூல் துணிக்குள் போய்வரச் சிரமம் தந்தால், அதைத் துணியின் மேல் படுக்கவைத்து, மெல்லிய பருத்தி நூலால் 4 மி.மீ.க்கு ஒரு குறுக்குத் தையல் போட்டுப் பிடியுங்கள். சர்தோசி வேலையில் உலோக இழையைப் பதிப்பது போலத்தான்.

எஃகு நூலின் முடிச்சு தானாக அவிழும், இயல்பிலேயே அதற்கு வில்தன்மை உண்டு. வெட்டிய முனையில் முடிபோல இழைகள் பிரிந்து பக்கத்து நூலைத் தொடும். இரண்டுக்கும் மருந்து ஒரு சொட்டு நிறமற்ற நகப்பூச்சு. ஆனால் மீட்டரில் பீப் கேட்ட பிறகுதான் பூச வேண்டும். பூச்சு காய்ந்தபின் அளந்தால் நல்ல இணைப்பும் அறுந்ததாகக் காட்டும்.

தையல் மெஷினில் என்றால் கடத்தும் நூல் பாபினில், மேலே சாதாரண பாலியெஸ்டர். 90 எண் ஊசி, 3 மி.மீ. தையல் நீளம், மேல்நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, துணியின் முகப்பைக் கீழ்நோக்கி வைத்துத் தையுங்கள். கடத்தும் நூலை ஊசியில் கோத்தால் வெள்ளி உரியும், எஃகு சிக்கும்.

பூ எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? நூல் பாதை எங்கே போக வேண்டும்?

விட்டம் 3 முதல் 4 செ.மீ. உள்ளங்கையால் தொட வேண்டிய பூ என்றால் 8 செ.மீ. வரை போகலாம். அதற்கு மேல் போனால் பக்கத்தில் யாராவது நடந்தாலே எண் அசையத் தொடங்கும்.

பாதையும் தொடுகையை உணரும் என்பதை மறந்துவிட்டுத் தைப்பவர்கள் அதிகம். பூவிலிருந்து கீழே இறங்கும் 40 செ.மீ. நூலில் கை பட்டாலும் அந்தப் பூ ஒலிக்கும். அதனால் பாதையைத் துணியின் பின்பக்கமே கொண்டுபோய், அதற்கும் முகத்துணிக்கும் நடுவில் 3 மி.மீ. ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த துணி) வையுங்கள். இரண்டு பாதைகளுக்கு நடுவே குறைந்தது 15 மி.மீ. விடுங்கள். நீண்ட தூரம் ஒட்டி ஓடினால் ஒன்றைத் தொட்டால் இரண்டும் அசையும். கடந்தே ஆக வேண்டுமானால் செங்கோணத்தில், நடுவில் ஒரு ஃபெல்ட் துண்டோடு.

எந்தப் பலகை?

ஒரே ஒரு பூ என்றால் டிடிபி223 என்ற சின்னத் தொடு உணரிப் பலகை போதும். ஐந்து பூக்களுக்கு, நிரல் எழுதி இயக்கும் இஎஸ்பி32 பலகை. அதிலேயே பத்துத் தொடுமுனைகள் உண்டு. ஜிபிஐஓ (பலகையின் முனை எண்கள்) 4, 13, 14, 27, 32, 33 பயன்படுத்துங்கள். 0, 2, 12, 15 பலகை தொடங்கும் நேரத்தில் வேறு வேலையும் செய்பவை, தேவையில்லாமல் அவற்றில் கைவைக்காதீர்கள். பத்துக்கு மேல் என்றால் 12 முனைகள் கொண்ட எம்பிஆர்121 என்ற தொடு உணரிச் சிப். அதன் முகவரியை மாற்றி ஒரே இணைப்பில் நான்கு வரை சேர்க்கலாம். அது 3.3 வோல்ட் சிப், நேராக 5 வோல்ட் கொடுத்தால் போய்விடும்.

ஒலிக்கு, மெமரி கார்டில் உள்ள ஒலிக்கோப்புகளை இயக்கும் டிஎஃப்பிளேயர் மினி என்ற சின்னப் பலகை. மெமரி கார்டை எஃப்ஏடி32 வடிவில் ஃபார்மட் செய்து, கோப்புகளுக்கு 0001, 0002 என்று பெயரிட்டு, அந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக நகலெடுங்கள். பெயரைவிட நகலெடுத்த வரிசையைப் பார்த்து இயக்கும் கட்டளையும் அதில் உண்டு. ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்டால் டிஎஃப்பிளேயரின் ஆர்எக்ஸ் (கட்டளை வாங்கும்) முனையில் 1 கிலோஓம் தடை போடுங்கள்.

நூலைப் பலகையோடு எப்படி இணைப்பது? ஈயம் பிடிக்குமா?

எஃகில் ஈயம் பிடிக்காது, நைலான் உருகிவிடும். உலோகப் பிரஸ் பட்டன்தான் நல்ல வழி. ஒரு பாதியைத் துணியில் கடத்தும் நூலாலேயே, ஒவ்வொரு துளைக்கும் நாலு சுற்று இறுக்கமாகப் போட்டுத் தையுங்கள். மறு பாதியில் கம்பியை ஈயம் வைத்துப் பலகைக்குக் கொண்டுபோங்கள். துணியைத் தனியாகக் கழற்றவும் இது உதவும். பெயின்ட் பூசிய பட்டன் வாங்காதீர்கள்.

நிரலில் எந்த எண்ணை வைப்பது?

ஒரே நிலையான எண்ணை வைத்தால் காலையில் ஒழுங்காக இருப்பது மழை வந்ததும் கெடும். இஎஸ்பி32-இல் தொடாதபோது 60 என்று காட்டும் பூ, தொட்டால் 20 வரை இறங்கலாம். இதன் எஸ்2, எஸ்3 வகைகளில் தலைகீழ், தொட்டால் எண் ஏறும். அடைமழைக் காலத்தில் தொடாமலேயே 60 என்பது 48 ஆகும்.

அதனால் தொடங்கிய முதல் 2 விநாடிகளில் அடிப்படை எண்ணை எடுத்துக்கொண்டு, பிறகு யாரும் தொடாத நேரத்தில் மட்டும் அதை மெதுவாக நகர்த்துங்கள்: பழைய அடிப்படையில் 99 சதவீதம், புதிய அளவில் 1 சதவீதம். அடிப்படையிலிருந்து 20 சதவீதம் இறங்கினால் தொட்டதாகவும், 10 சதவீதத்துக்குள் திரும்பினால் விட்டதாகவும் கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே எல்லை வைத்தால் ஒலி திக்கும். 20 மில்லிவிநாடி இடைவெளியில் மூன்று முறை தொடர்ந்து அப்படி வந்தால்தான் நம்புங்கள். எம்பிஆர்121-க்குத் தொடக்கத்தில் தொடு எல்லை 12, விடு எல்லை 6 வைத்துப் பாருங்கள். மின்சாரம் கொடுக்கும் நேரத்தில் துணியில் யார் கையும் இருக்கக் கூடாது.

பூ தானாக ஒலிக்கிறது. என்ன செய்வது?

பவர்பேங்கில் மாட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி உங்கள் இரண்டு முள் சார்ஜர், அதன் இரைச்சல் பூவுக்கு வருகிறது. நிற்காவிட்டால் பலகையிலிருந்து பட்டன்களைக் கழற்றுங்கள். வெறும் பலகை அமைதியாக இருந்தால் கோளாறு துணியில். இரண்டு பூக்களுக்கு நடுவே மெகாஓமில் அளந்து பாருங்கள். எண் வந்தால் பின்பக்கம் எஃகு இழை முடி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன உப்புதான். தைத்து முடித்த துணி என்றாலும் பலகையைக் கழற்றிவிட்டு வெறும் நீரில் மூன்று முறை அலசி, நிழலில் இரண்டு நாள் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பவர்பேங்கில் போட்டால் தொடுகை மந்தமாகிறதே?

அப்படித்தான் ஆகும். சுவர் மின்சாரத்தோடு தொடர்பில்லாதபோது துணி, பலகை எல்லாம் தரையோடு ஒட்டில்லாமல் மிதக்கின்றன, விரலின் மாற்றம் சின்னதாகத் தெரிகிறது. தொங்கலின் ஓரத்தில் ஒரு கடத்தும் கரையைத் தைத்து அதைப் பலகையின் கிரவுண்டில் (பூஜ்ய வோல்ட் முனையில்) இணையுங்கள். ஒரு கை கரையைப் பிடித்திருக்க மறு கை பூவைத் தொட்டால் மாற்றம் தெளிவாக வரும். சில பவர்பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்து, எதுவும் மாட்டவில்லை என்று எண்ணித் தாமாகவே அணைந்துவிடும், வாங்கும் முன் சோதியுங்கள். லித்தியம் பேட்டரியைத் துணிக்குப் பின்னால் தைத்து மூடாதீர்கள்.

சாயம் கையில் ஒட்டுமா? துவைக்கலாமா?

தைக்கும் முன்பே வெள்ளைத் துணியால் உலர்வாகப் பத்து முறை, ஈரமாகப் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். அவுரி நீலம் கொஞ்சமாவது ஒட்டும். ஒட்டுவது நிற்கும்வரை சோப்பில் அலசுங்கள். முடித்த வேலையைத் துவைக்க வேண்டியிருந்தால் பலகையைக் கழற்றி, காரமில்லாத சோப்பில் முக்கி எடுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். பிளீச் ஆகாது. வெள்ளி நூல் இருந்தால் அயர்ன் பாக்ஸ் நைலான் சூட்டில் மட்டும். சுருட்டி வைக்கும்போது ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். நாடா போதும்.

இது புதிய வேலையா?

இல்லை. 1997-இல் அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) மீடியா ஆய்வகத்தில் ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட்டில் எஃகு நூலால் எண் விசைப்பலகையைத் தைத்து, தொட்டால் இசைக்கும்படி செய்தார்கள். அங்கே சோதனைக்கு எடுத்த துணிகளில் ஒன்று, உலோகத் தகடு சுற்றிய இழையோடு நெய்த பட்டு ஆர்கன்சா. இந்தியாவில் நெடுங்காலமாக நெய்து வரும் துணி அது.

பார்வையற்றவர்களுக்கும் பயன்படும்படி செய்ய முடியுமா?

முடியும். எங்கே தொட வேண்டும் என்பது விரலுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தொடுபூவை முடிச்சுத் தையலால் மேடாகவும் சுற்றிலும் தட்டையாகவும் விடுங்கள். ஐந்து பூக்களுக்கும் ஐந்து விதமான தடிப்பு இருக்கட்டும். விரல் துணியைத் தடவிக்கொண்டே போகும் என்பதால், பட்ட உடனே ஒலித்தால் தேடும்போதே ஐந்தும் கத்தும். அரை விநாடி விரல் நின்றால்தான் ஒலிக்கும்படி நிரலில் வையுங்கள். பிரெயில் எழுத்தை முடிச்சால் தைக்க முயல வேண்டாம். ஒரு எழுத்துக்குள் புள்ளிகளுக்கு நடுவே 2.5 மி.மீ.தான் இடைவெளி, கைத்தையலில் அந்த ஒழுங்கு வராது. அச்சடித்த பிரெயில் பட்டையை ஓரத்தில் தைத்துவிடுங்கள்.